நிற்பதா, பிரிவதா? கன்சென்சஸ் முறையைத் தேர்ந்தெடுப்பதன் பின்னணி

2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை நெட்வொர்க் மையத்தில் பழுதாகிக்கொண்டிருந்த 100 ஜிகாபிட் ஆப்டிகல் கருவியொன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்புப் பணி நடந்தது. அப்போது அந்த மையத்துக்கும் கிழக்குக் கரையிலேயே இருந்த முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையிலான இணைப்பு 43 விநாடிகள் அறுந்துபோனது. அறுந்த இணைப்பு ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிட்டது. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆனது.

அந்த 43 விநாடிகளில் நடந்ததை நெருங்கிப் பார்க்க வேண்டும். கிட்ஹப்பின் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளக் கிளஸ்டர்களில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டங்களில்) எது முதன்மை, எது நகல் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளிடம் இருந்தது. அதன் நோட்கள், அதாவது அதை இயக்கும் சர்வர்கள், ராஃப்ட் என்ற கன்சென்சஸ் முறையில் தங்களுக்குள் ஓட்டெடுத்து முடிவு செய்பவை. இணைப்பு அறுந்ததும் மேற்குக் கரையிலும் கிழக்குப் பகுதியின் பொது கிளவுடிலும் இருந்த நோட்கள் சேர்ந்து பெரும்பான்மையை அமைத்து, கிழக்கு டேட்டா சென்டர் இறந்துவிட்டது என்று முடிவெடுத்து, முதன்மைப் பதவியை மேற்குக் கரைக்கு மாற்றின. ஆனால் கிழக்கில் கடைசி சில விநாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்கு இன்னும் நகலெடுக்கப்பட்டிருக்கவில்லை. இணைப்பு திரும்பியபோது மேற்கு புதிய எழுத்துகளை (தரவுத்தளத்தில் எழுதப்படும் மாற்றங்களை) ஏற்கத் தொடங்கியிருந்தது. இரு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. மிகுந்த பயன்பாட்டில் இருந்த கிளஸ்டர் ஒன்றில் மட்டும் இப்படி அனாதையாக நின்ற எழுத்துகள் 954. அவற்றை இழக்கக் கூடாது என்று நிறுவனம் முடிவெடுத்ததால்தான் 43 விநாடிக் கோளாறு ஒரு நாள் நீண்டது.

இங்கே ராஃப்ட் தவறு செய்யவில்லை. யார் தலைவர் என்ற கேள்விக்குப் பெரும்பான்மையின் தீர்ப்பைப் பெற்றுத் தருவதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதைச் சரியாகவே செய்தது. எந்த எழுத்து உறுதியானது என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை. அது, தாமதமாக நகலெடுக்கும் வேறொரு ஏற்பாட்டின் கையில் இருந்தது. கன்சென்சஸ் முறை என்பது பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வரும் வழி. அதைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு பெரும்பாலும் எது வேகமானது, விநாடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. எதை ஒருமித்து முடிவு செய்கிறோம், யாருக்கு அஞ்சுகிறோம், நெட்வொர்க் பிளவுபட்டால் நிற்கப்போகிறோமா அல்லது பிரிந்து ஓடிப் பிறகு சேரப்போகிறோமா என்பவை அதற்கு முன்பே தீர வேண்டும். எல்லா முறைகளும் ஏதோ ஒரு விதத்தில் உடையக்கூடியவை. நமக்குத் தாங்கக்கூடிய உடைவு எது என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

உடையாத முறை இருக்க முடியாது என்பது அனுபவத்தில் மட்டும் தெரிந்த செய்தி அன்று. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் ஆகிய மூவரும் 1985இல் அதைக் கணித முறையில் நிறுவினார்கள். செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு எந்த வரம்பும் இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு சர்வர் செயலிழக்கக்கூடும் என்ற நிலை இருந்தாலே போதும். எப்போதும் சரியான முடிவையும் தந்து, எப்போதும் முடிவுக்கு வந்தும்விடும், தற்செயலைச் சாராத வழிமுறை எதுவும் இருக்க முடியாது. காரணம் எளிது. பதில் வராத சர்வர் இறந்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று தொலைவிலிருந்து பிரித்தறிய வழியில்லை. எனவே ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. முரண்பட்ட இரண்டு முடிவுகள் ஒருபோதும் வராமலிருப்பதைப் பாதுகாப்பு என்றும், ஏதாவது ஒரு முடிவு என்றாவது வந்தே தீர்வதை முன்னேற்றம் என்றும் இத்துறையினர் சொல்வர். ராஃப்ட், பாக்ஸோஸ், டெண்டர்மின்ட் போன்ற கன்சென்சஸ் முறைகள் சந்தேகம் வந்தால் முன்னேற்றத்தை நிறுத்திப் பாதுகாப்பைக் காப்பவை. பிட்காயின் சந்தேகத்திலும் முன்னேறிக்கொண்டே இருந்து, பின்னர் பதிவுச் சங்கிலியின் ஒரு கிளையைக் கைவிடுகிறது.

அஞ்சவேண்டியவர் யார் என்ற கேள்வியில், மிக எளிய நிலை ஒரே நிறுவனத்துக்குள் இயங்கும் கிளஸ்டர். அங்கே சர்வர்கள் நின்றுபோகலாம், டிஸ்க் நிறையலாம், கேபிள் பிடுங்கப்படலாம். ஆனால் ஒரு சர்வர் திட்டமிட்டு மற்றொன்றிடம் பொய் சொல்லும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இதற்குப் பெரும்பான்மை ஓட்டு போதும். மூன்று சர்வர் இருந்தால் ஒன்று விழலாம், ஐந்து இருந்தால் இரண்டு விழலாம். நான்கு சர்வர் வைப்பதால் பாதுகாப்பு கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கில் பெரும்பான்மை மூன்று. ஆகவே அப்போதும் ஒன்றுதான் விழலாம், விழக்கூடிய இயந்திரம் மட்டும் ஒன்று கூடியிருக்கும்.

லெஸ்லி லாம்போர்ட் 1990இல் எழுதி அனுப்பி 1998இல்தான் அச்சேறிய பாக்ஸோஸ், இந்த வகையின் மூத்த முறை. அதைப் புரிந்துகொள்வது பலருக்கும் கடினமாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் டியகோ ஓங்காரோவும் ஜான் அவுஸ்டர்ஹவுட்டும், எளிதாகப் புரிய வேண்டும் என்பதையே முதன்மை நோக்கமாக வைத்து ராஃப்ட்டை வடிவமைத்து 2014இல் வெளியிட்டனர். அது வேலை செய்யும் விதத்தை ஐந்து சர்வர் கிளஸ்டரில் பார்க்கலாம். ஒருவர் தலைவர். வாடிக்கையாளர் அனுப்பும் எழுத்தைத் தலைவர் தன் பதிவேட்டின் அடுத்த வரியில் சேர்த்து மற்ற நால்வருக்கும் அனுப்புகிறார். பெறுபவர் ஒவ்வொருவரும் அதைத் தம் டிஸ்க்கில் நிலையாக எழுதிய பிறகே ஆமாம் என்கிறார். தலைவரையும் சேர்த்து மூவரிடம் அந்த வரி இருக்கிறது என்று தெரிந்ததும் அது உறுதியானதாகிறது. அப்போதுதான் வாடிக்கையாளருக்குப் பதில் போகிறது. தலைவரின் இதயத்துடிப்புச் செய்தி குறித்த நேரம்வரை வராவிட்டால், ஒரு நோட் ஆட்சிக்கால எண்ணை ஒன்று கூட்டி ஓட்டுக் கேட்கிறது. தன்னுடையதைவிடப் பழைய பதிவேடு வைத்திருப்பவருக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. எந்த இரண்டு மூவர் குழுவை எடுத்தாலும் குறைந்தது ஒருவர் பொதுவானவராக இருப்பார் என்பதால், உறுதியான வரியை அறியாத ஒருவர் தலைவராகவே முடியாது. மொத்த முறையின் உயிரும் இந்தப் பொதுவான ஒருவரிடம்தான் இருக்கிறது.

இதன் விலை தாமதம். ஒளி, ஃபைபருக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் இடையிலான சுமார் 4,000 கிலோமீட்டரைக் கடந்து திரும்ப 40 மில்லிவிநாடியாவது வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் மறுகரையின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால், அந்த 40 மில்லிவிநாடி ஒவ்வொரு எழுத்திலும் சேரும். கிட்ஹப் தாமதமாக நகலெடுக்கும் ஏற்பாட்டை வைத்திருந்ததற்கு இப்படிப்பட்ட கணக்குத்தான் பின்னணி. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. தலைவர் தேர்வை மட்டும் கன்சென்சஸிடம் விட்டுத் தரவை வெளியே வைத்தால், கரை தாண்டிய பதவி மாற்றத்தைத் தானியங்கியிடம் கொடுக்கக் கூடாது என்பதே அந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

பொய் சொல்லாத சர்வர்களின் உலகத்திலும் பொய் நுழையும் வழி ஒன்று உண்டு. 2020 நவம்பர் 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் முழுதாகச் சாகாமல் அரைகுறையாகச் சில நிமிடங்கள் தடுமாறியது. அங்கே மூன்று சர்வர் கொண்ட எட்சிடி (அமைப்புத் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம்) கிளஸ்டர் இருந்தது. எட்சிடி ராஃப்ட்டில் இயங்குவது. பல சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் தன் நிலையைச் சேமிப்பதும் அதில்தான். மூன்றில் ஒரு சர்வருக்குத் தலைவரோடு பேச முடியவில்லை, ஆனால் மூன்றாமவரோடு பேச முடிந்தது. மூன்றாமவருக்கோ இருவரோடும் பேச முடிந்தது. தலைவரைக் காணாத சர்வர் தேர்தலைக் கூட்டுகிறது, தேர்தல் நடந்தால் நடப்புத் தலைவர் பதவியிழக்கிறார், பழையவருக்கும் புதியவருக்கும் இடையே இழுபறி தொடர்கிறது, எழுத்துகள் நிற்கின்றன. அந்த எட்சிடியை நம்பியிருந்த தரவுத்தளத் தானியங்கி, முதன்மைகளை மாற்றத் தொடங்கியது. நகல்களை மீண்டும் கட்டியெழுப்ப மணிக்கணக்கானது. சில நிமிடங்களில் முடிந்த சுவிட்ச் தடுமாற்றம், வாடிக்கையாளர் கட்டுப்பாட்டுத் தளத்தை ஆறு மணி நேரத்துக்கும் மேல் பாதித்தது.

இப்படிப்பட்ட நிலைக்காகவே ஓங்காரோவின் ஆய்வேட்டில் முன்னோட்ட ஓட்டு என்ற ஏற்பாடு விளக்கப்பட்டிருக்கிறது. தேர்தலைக் கூட்டுவதற்கு முன், கூட்டினால் எனக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று நோட் கேட்டுப் பார்க்கிறது. தலைவரின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மறுத்துவிடுவார்கள். ராஃப்ட் பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் மென்பொருளில் இது இருக்கிறதா, இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, ராஃப்ட்டா பாக்ஸோஸா என்று வாதிடுவதைவிடப் பயனுள்ளது. டிஸ்க்கையும் அப்படியே பார்க்க வேண்டும். எட்சிடியின் இயல்பு அமைப்பில் இதயத்துடிப்பு 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, தேர்தலுக்கான காத்திருப்பு 1,000 மில்லிவிநாடி. ஒவ்வொரு வரியும் டிஸ்க்கில் நிலைபெற்றாக வேண்டும் என்பதால், டிஸ்க்கை வேறு வேலைகளோடு பகிரும் மெஷினில், நெட்வொர்க் நன்றாக இருக்கும்போதே தலைவர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த நிலை, ஓட்டுப் போடுபவர்களில் சிலர் வேண்டுமென்றே பொய் சொல்லக்கூடியது. லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகியோர் 1982இல் இதைப் பைசாந்தியத் தளபதிகளின் சிக்கலாக விளக்கினர். அன்றுமுதல் இவ்வகைத் தவறுக்குப் பைசாந்தியப் பிழை என்றே பெயர். இங்கே ஒரு பொய்யரைத் தாங்க நான்கு பேர் வேண்டும், இரண்டு பொய்யரைத் தாங்க ஏழு பேர் வேண்டும். ஏன் மூவர் போதாது என்பதைக் கணக்காகப் பார்த்தால் மனதில் நிற்கும். மூவரில் ஒருவர் வாய்திறக்காமல் இருக்கலாம். ஆகவே இருவரின் ஓட்டோடு முடிவெடுத்தாக வேண்டும். ஓர் இருவர் குழு இருப்பு 500 என்கிறது, மற்றோர் இருவர் குழு 700 என்கிறது. இரண்டுக்கும் பொதுவானவர் ஒரே ஒருவர்தான். அவரே பொய்யராக இருந்தால் இரண்டு குழுவும் தத்தம் முடிவை உறுதி என்று நம்பும். நால்வரில் மூவர் ஓட்டு வேண்டும் என்றால், எந்த இரண்டு மூவர் குழுவுக்கும் இருவர் பொதுவாக இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது நேர்மையானவர்.

இதை நடைமுறை வேகத்துக்குக் கொண்டுவந்தது மிகெல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் 1999இல் வெளியிட்ட பிபிஎஃப்டி முறை. அதில் ஒவ்வொரு முடிவுக்கும் எல்லோரும் எல்லோரிடமும் பேச வேண்டும். பத்துப் பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு நூறையொட்டிய செய்திகள், நூறு பேர் இருந்தால் பத்தாயிரத்தையொட்டிய செய்திகள். பின்னர் வந்த ஹாட்ஸ்டஃப், ஓட்டுகளைத் தலைவரிடம் திரட்டி ஒரே சான்றாக மாற்றுவதால் செய்திகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையோடு நேராக மட்டுமே கூடுகிறது. டெண்டர்மின்ட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. காஸ்மாஸ் என்ற பிளாக்செயின் (பதிவுத் தொகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி) குடும்பம் அதன்மேல் கட்டப்பட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஓட்டு வலு காணாமல்போனால் இந்தச் சங்கிலிகள் நின்றுவிடும். சொத்துக் கணக்கு வைக்கும் இடத்தில் அது நல்ல குணம் என்றே நினைக்கிறேன்.

நிறுவனக் கூட்டமைப்புகளின் பிளாக்செயின்களில் நான் காணும் பெரிய குழப்பம் இங்கேதான். நிறுவனங்களுக்கான பிளாக்செயின் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சேவை முதலில் காஃப்கா என்ற செய்தி வரிசை மென்பொருளை நம்பியிருந்தது; 2019இல் 1.4.1 பதிப்பிலிருந்து ராஃப்ட் வந்தது. பைசாந்தியப் பிழையைத் தாங்கும் முறை 2024இல் வெளியான 3.0 பதிப்பில்தான் வந்தது. அதாவது பல ஆண்டுகளாக, ஒருவரையொருவர் நம்பாத நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டவை என்று விளம்பரப்படுத்தப்பட்ட நெட்வொர்க்குகள், வரிசைப்படுத்துவோர் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்ற அனுமானத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. பரிவர்த்தனையின் உள்ளடக்கத்தை ஒப்புதல் தரும் நிறுவனங்களின் கையொப்பம் காக்கும். யாருடையது முன்னே, யாருடையது பின்னே, யாருடையது வரவே இல்லை என்பதை அது காக்காது. இதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டால் தவறில்லை. தெரியாமல் ஏற்றுக்கொள்வதுதான் ஆபத்து.

நம் நாட்டில் இந்த இடைப்பட்ட நிலைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தங்கள் பெயர்த் தலைப்பையும் செய்தி டெம்ப்ளேட்டையும் டிஎல்டி (பலர் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறையின் விளைவு. அதில் பதிவேட்டை நடத்துபவர்கள் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள். கைவிட்டு எண்ணக்கூடிய சிலர். எல்லோருடைய முகவரியும் அரசுக்குத் தெரியும். ஆனால் ஒருவர் பதிவேட்டை மற்றவர் அப்படியே நம்பவேண்டிய கட்டாயமும் இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட இடத்தில், கணிப்பு உழைப்பையே சான்றாகக் காட்டும் பிட்காயினின் வேலைச்சான்று என்ற மின்சாரச் செலவுக்கு எந்தப் பொருளும் இல்லை. உறுப்பினர் பட்டியல் தெரிந்துவிட்டால் ஓட்டெடுப்பே போதும். ராஃப்ட்டா பைசாந்தியம் தாங்கும் முறையா என்பதை, விதியை மீறும் நிறுவனத்தைத் தண்டிக்க வெளியே ஒரு அதிகாரம் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

எண்ணிக்கையை எண்ணும்போது எதை எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ரோனின் என்ற பிளாக்செயினை வேறு சங்கிலியோடு இணைக்கும் பாலத்திலிருந்து பணம் எடுக்க, 2022இல் ஒன்பது வேலிடேட்டர்களில் (சரிபார்த்துக் கையொப்பமிடுவோரில்) ஐவரின் கையொப்பம் தேவைப்பட்டது. தாளில் இது நல்ல பெரும்பான்மை. ஆனால் ஒன்பதில் நான்கு, ஸ்கை மேவிஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தன. 2021 நவம்பரில் பயனர் நெரிசலைச் சமாளிக்க, ஒன்பதில் இன்னொரு வேலிடேட்டரான ஆக்ஸி டிஏஓ தன் சார்பில் கையொப்பமிடும் அனுமதியை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது. டிசம்பரில் அந்தத் தேவை முடிந்தும் அனுமதி திரும்பப் பெறப்படவில்லை. 2022 மார்ச் 23 அன்று அந்த நிறுவனத்துக்குள் நுழைந்தவர்களுக்கு நான்கு சாவிகளும், மறந்துபோன அந்த ஐந்தாவது கதவும் கிடைத்தன. 1,73,600 ஈதரும் (எத்தீரியம் சங்கிலியின் நாணயம்) 2.55 கோடி யூஎஸ்டிசியும் (டாலர் மதிப்போடு பிணைத்த நாணயம்) போயின. ஆறு நாள் கழித்து, 5,000 ஈதரை எடுக்க முடியவில்லை என்று பயனர் ஒருவர் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. ஒன்பது பேர் என்று எண்ணப்பட்ட இடத்தில், ஒரே நேரத்தில் விழக்கூடியவர்களை ஒன்றாக எண்ணியிருந்தால் அந்த எண்ணிக்கை ஐந்துக்கு மேல் போயிருக்காது. ஒரே கிளவுட் மண்டலத்தில் வைத்த மூன்று எட்சிடி சர்வர்களுக்கும் இதே கணக்குத்தான்.

யார் வேண்டுமானாலும் வரலாம், எவரும் பெயர் சொல்லவேண்டியதில்லை என்ற நிலையில் ஓட்டெடுப்பே சாத்தியமில்லை. ஒருவரே ஆயிரம் பெயரில் வந்துவிடுவார். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் கட்டுரையின் விடை, ஓட்டை ஆளுக்கு எண்ணாமல் கணிப்புத் திறனுக்கு எண்ணுவது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு பரிவர்த்தனைத் தொகுப்பு. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, பிளாக்கை உருவாக்குவதன் கடினம் மறுசீரமைக்கப்படும். அதிக உழைப்பு சேர்ந்த சங்கிலியே ஏற்கப்படும். இங்கே உறுதி என்பது ஒருபோதும் முழுமையடைவதில்லை, நாளாக ஆக வலுக்கிறது. மொத்தக் கணிப்புத் திறனில் 10% வைத்திருக்கும் எதிராளி வெல்லும் வாய்ப்பை 0.1%க்குக் கீழே கொண்டுவர ஐந்து பிளாக் காத்திருந்தால் போதும், 30% வைத்திருந்தால் 24 பிளாக், 45% என்றால் 340 பிளாக் என்று அந்தக் கட்டுரையே கணக்குக் காட்டுகிறது. ஆறு பிளாக் காத்திருக்கும் வழக்கம் எதிராளியின் அளவைப் பற்றிய ஓர் ஊகம் என்பதை வணிகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதிக உழைப்பே உண்மை என்ற விதியையும் ஒருமுறை மனிதர்கள் கைவைத்து மாற்றியிருக்கிறார்கள். 2013 மார்ச் 11, 12 தேதிகளில் பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பை இயக்கிய மைனர்கள் (கணிப்புத் திறனைச் செலவிட்டுப் பிளாக் உருவாக்குவோர்) ஏற்ற பெரிய பிளாக் ஒன்றைப் பழைய பதிப்புகள் மறுத்தன. பழையவற்றின் பெர்க்லி தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் போடக்கூடிய பூட்டுகளுக்கு வரம்பு இருந்தது, லெவல்டிபி என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறிய புதியதில் அந்த வரம்பு இல்லை. சங்கிலி இரண்டாகப் பிளந்தது. புதிய கிளையில்தான் கணிப்புத் திறன் அதிகம்; விதிப்படி அதுவே வெல்ல வேண்டும். ஆனால் பயனர்கள் பலர் பழைய பதிப்பில் இருந்ததால், முன்னணி மைனிங் குழுக்கள் டெவலப்பர்களோடு பேசி, தாங்கள் ஈட்டிய பிளாக் வெகுமதியை இழந்து பழைய பதிப்புக்குத் திரும்பின. 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. இடையில் ஒரு வணிகரிடம் சுமார் 10,000 டாலர் இரட்டைச் செலவாக (ஒரே நாணயத்தை இருமுறை செலவிடுவதாக) போனது. எந்தக் கன்சென்சஸ் முறைக்கும் அடியில், அவசரத்தில் ஒருவரையொருவர் அழைத்துப் பேசக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வடிவமைப்பின் ஒரு பகுதியாக எழுதிவைக்கவேண்டியது என்றே பார்க்கிறேன்.

வேலைச்சான்றின் பலம் அந்தச் சங்கிலி தன் வகைக் கருவிகளில் பெரியதாக இருக்கும்வரைதான். எத்தீரியம் கிளாசிக் என்ற சிறிய சங்கிலி 2020 ஆகஸ்ட் மாதத்தில் மூன்று முறை ஆழமாக மாற்றி எழுதப்பட்டது. கடைசி முறை 7,000க்கும் மேற்பட்ட பிளாக்குகள். அப்போது எத்தீரியமும் ஏறத்தாழ அதே மைனிங் வழிமுறையில் இயங்கியதால், பெரிய சங்கிலிக்காக வாங்கப்பட்ட கருவிகளின் திறனைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்தாலே சிறிய சங்கிலியை மிஞ்ச முடிந்தது. புதிதாகச் சிறிய வேலைச்சான்றுச் சங்கிலி தொடங்க நினைப்பவரிடம் நான் வைக்கும் எதிர்வாதம் இது ஒன்றுதான். மின்சாரச் செலவு பற்றிப் பேசவேண்டிய அவசியமே அதற்குப் பிறகு இருப்பதில்லை.

எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று வேலைச்சான்றைக் கைவிட்டுப் பங்குச்சான்றுக்கு மாறியது. மின்சாரப் பயன்பாடு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 32 ஈதரைப் பிணையாக வைத்தவர் வேலிடேட்டர் ஆகலாம். 12 விநாடிக்கு ஒரு பிளாக் வாய்ப்பு, அப்படி 32 சேர்ந்தது ஒரு எபோக், அதாவது 6.4 நிமிடம். இதன் நுட்பம் இரண்டு அடுக்கை ஒன்றாக வைத்ததில் இருக்கிறது. மேலடுக்கு பிட்காயினைப்போல எப்போதும் முன்னேறும். கீழடுக்கு பைசாந்திய ஓட்டெடுப்பைப்போல, பிணையில் மூன்றில் இரண்டு பங்கு கையொப்பமிட்டால் சுமார் இரண்டு எபோக்கில் பிளாக்குகளை இறுதியாக்கும். இறுதியான இரண்டு கிளைகளுக்கும் ஒருவர் கையொப்பமிட்டால், கையொப்பங்களே சாட்சியாகி அவர் பிணை பறிபோகும்.

இந்த இரட்டை ஏற்பாடு 2023 மே 11, 12 தேதிகளில் வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டது. பழைய நிலையைச் சுட்டும் ஓட்டுகளைச் சரிபார்க்க முயன்று வேலிடேட்டர்கள் இயக்கும் சில கிளையன்ட் மென்பொருள்கள் திணறியதால், வேலிடேட்டர்களில் பெரும்பகுதியினர் பின்தங்கினர். இறுதியாக்கம் முதல் நாள் சுமார் 25 நிமிடமும் மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நின்றது. பிளாக்குகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நீடித்திருந்தால், வராதவர்களின் பிணை மெல்ல மெல்லக் கரைந்து, வந்திருப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்காக ஆகும்வரை செல்லும் விதி தன் வேலையைத் தொடர்ந்திருக்கும். சாதாரணப் பயனர் எதையும் உணரவில்லை. ஆனால் வைப்புத்தொகையை ஏற்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்று, பிளாக் வந்துவிட்டது என்பதைப் பார்த்துப் பணம் வரவு வைக்கிறதா, இறுதியாகிவிட்டது என்பதைப் பார்த்து வரவு வைக்கிறதா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய வேறுபாடாகியிருக்கும்.

பங்குச்சான்றில் நான் அதிகம் கவலைப்படும் இடம் மென்பொருள் ஒருமை. 2025 பிப்ரவரி 24 அன்று ஹோலெஸ்கி என்ற எத்தீரியம் சோதனைச் சங்கிலியில் பெக்ட்ரா மேம்பாடு செயல்பட்டபோது, கெத், நெதர்மைண்ட், பெசு ஆகிய மூன்று கிளையன்ட்களிலும் அந்தச் சங்கிலிக்கான டெபாசிட் ஒப்பந்த (பிணையைப் பெறும் நிரலின்) முகவரி தவறாக இருந்தது. பெரும்பான்மை தவறான கிளைக்கு ஓட்டுப் போட்டது. இறுதியாக்கம் திரும்பச் சுமார் இரண்டு வாரம் ஆனது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே பிழையைச் சுமந்த மூன்றில் இரண்டு பங்கும், திட்டமிட்டுச் சதி செய்யும் மூன்றில் இரண்டு பங்கும் கன்சென்சஸின் பார்வையில் ஒன்றுதான். நல்லவேளையாக அது சோதனைச் சங்கிலி.

எத்தீரியத்துக்கு நேரெதிரே சொலானா என்ற பிளாக்செயினை வைத்துப் பார்க்கலாம். 2021 செப்டம்பர் 14 அன்று பரிவர்த்தனை வெள்ளத்தில் அது சுமார் 17 மணி நேரம் நின்றது. வேலிடேட்டர்கள் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவது என்று தமக்குள் பேசி முடிவுசெய்து, பங்கில் 80% திரும்பி வந்த பிறகு மீண்டும் ஓட்டினர். நின்றதற்காக அதைக் கேலி செய்தவர்கள் பலர். அந்த 17 மணி நேரத்தில் உறுதியான பரிவர்த்தனை எதுவும் தலைகீழாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நின்றால் நஷ்டமா, மாறினால் நஷ்டமா என்பதற்கு வங்கிகளின் பணத் தீர்வில் ஒரு பதில், விளையாட்டுப் புள்ளிப் பட்டியலில் வேறு பதில்.

தேர்ந்தெடுத்த முறையைப் பின்னர் மாற்றலாம் என்ற நினைப்போடு தொடங்குபவர்கள், மாற்றத்துக்கு ஆகும் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தீரியத்தின் பங்குச்சான்றுச் சங்கிலி 2020 டிசம்பர் 1 அன்றே தனியாக ஓடத் தொடங்கி, பழைய சங்கிலியோடு இணைய இருபத்தொரு மாதம் காத்திருந்தது. ஃபேப்ரிக்கில் வரிசைப்படுத்தும் சேவையைத் தொடக்கத்திலேயே தனித் துண்டாகப் பிரித்து வைத்திருந்ததால் காஃப்காவிலிருந்து ராஃப்ட்டுக்கும், பின்னர் பைசாந்தியம் தாங்கும் முறைக்கும் மேலே இயங்கும் ஒப்பந்த நிரல்களைத் திருப்பி எழுதாமல் போக முடிந்தது. காஃப்காவின் கதை நீளமானது. தன் நிலைத்தகவலை ஜூகீப்பர் என்ற வேறொரு மென்பொருளிடம் ஒப்படைத்திருந்த அது, ஜூகீப்பரை விட்டு ராஃப்ட் வழியில் தானே பார்த்துக்கொள்ளும் முன்மொழிவு 2019இல் வந்தது. ஜூகீப்பர் முழுமையாக நீக்கப்பட்ட 4.0 பதிப்பு 2025 மார்ச்சில்தான் வெளியானது. இன்னும் ஜூகீப்பரோடு ஓடும் பழைய கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் நேராக 4.0க்குத் தாவ முடியாது; இரண்டையும் தாங்கும் கடைசிப் பதிப்பான 3.9 வரை வந்து, அங்கே நிலைத்தகவலை இடம்மாற்றி முடித்த பிறகே மேலே ஏற வேண்டும்.